அந்த ஸ்டாப்வாட்ச் போட்டோ பத்தி ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல தென் கொரியா பசங்க படிப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். காலேஜ்ல சேர எழுதற சுனுங் பரீட்சை அன்னிக்கு ஆபீஸ், ஷேர் மார்க்கெட் எல்லாம் ஒரு மணி நேரம் லேட்டா தொறக்கறது, இங்கிலீஷ் லிசனிங் நடக்கற 35 நிமிஷம் பிளேன் எறங்காம ஏறாம நிக்கறது, லேட்டான பையன போலீஸே வண்டில ஏத்திக்கிட்டுப் போய் விடறது, எல்லாம் உண்மைதான். ஆனா கட்டுரை முழுக்க "பாருங்க எப்படி உழைக்கறாங்க"ன்னே போகுது, அதுக்கு சாட்சியா போட்டிருந்த இன்ஸ்டா போட்டோவ பாத்ததும் மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

ஒரு மேசை, ஒரு பிளானர், பக்கத்துல 12 மணி நேரத்த தாண்டி நிக்கற ஸ்டாப்வாட்ச். கொரியால இந்த மாதிரி படிப்பு போட்டோ போடறதுக்குன்னே ஹேஷ்டேக் இருக்கு, கோங்ஸ்டாகிராம்னு சொல்றாங்க. யோல்பும்டான்னு ஒரு ஆப்பும் இருக்கு, படிக்க உக்காந்தா டைமர ஆன் பண்ணணும், குரூப்ல யார் இப்ப படிச்சிட்டிருக்காங்க, இன்னிக்கு யார் எத்தன மணி நேரம்னு எல்லாருக்கும் தெரியும், ரேங்க் வேற. ராத்திரி ஒரு மணிக்கு கண்ணு சொருகும்போது குரூப்ல இன்னும் நாலு பேரு டைமர் ஓடிட்டிருக்குன்னு தெரிஞ்சா 16 வயசுப் புள்ள நிம்மதியா படுக்குமா? உங்க கட்டுரை அத உழைப்புன்னு எழுதுது, எனக்கு பயம்னுதான் தெரியுது.

இதே பசங்கள்ல நெறைய பேர் இன்னொரு அக்கவுண்ட் வச்சிருப்பாங்க, சொந்தப் பேர் இருக்காது, மொகம் இருக்காது, லாக் பண்ணியிருப்பாங்க. மார்க் கொறஞ்சது, வீட்டுக்குப் போகவே பிடிக்காதது, அழுதது எல்லாம் அங்கதான் வரும். கூடப் படிக்கற பொண்ணுகிட்ட சொல்லாம ஏன் முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட போய் சொல்லணும்? இதுக்கான காரணத்த உங்க கட்டுரை தொடவே இல்ல. அங்க ஹைஸ்கூல் மார்க் ரொம்ப வருஷமா 9 கிரேடு, அதுல மொதல் கிரேடு 4 சதவீதம் பேருக்கு மட்டும்தான். நூறு பேர்ல நாலு பேர். எவ்ளோ நல்லா எழுதினாலும் பக்கத்து சீட்டு பொண்ணு நம்மள விட நல்லா எழுதிட்டா நாம கீழ போயிருவோம். அப்படி இருக்கும்போது அவகிட்ட போய் எனக்கு கணக்கு புரியல, பயமா இருக்குன்னு எப்படி சொல்றது? 2025ல ஹைஸ்கூல் சேர்ந்தவங்கள்ல இருந்து அத 5 கிரேடா மாத்தி, மொதல் கிரேட 10 சதவீதம் ஆக்கியிருக்காங்க. கொஞ்சம் பரவால்ல, ஆனா கூடப் படிக்கறவங்களோட போட்டிங்கறது அப்படியேதான் இருக்கு.

ஸ்கூல் முடிஞ்சா ஹாக்வான், அதாவது டியூஷன் சென்டர். சியோல்ல ராத்திரி 10 மணிக்கு மேல ஹாக்வான் நடத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அந்த நேரத்துக்கு ஹாக்வான் நெறைஞ்ச தேச்சிடோங் ஏரியால பசங்கள கூட்டிட்டுப் போக அப்பா அம்மா கார் வரிசை கட்டி நிக்கும், நெறைய பசங்க அங்கேருந்து நேரா ஸ்டடி கஃபே, அதாவது காசு குடுத்து உக்காந்து படிக்கற எடத்துக்குப் போவாங்க. 2024ல ஸ்கூல் பசங்களோட டியூஷனுக்கு மட்டும் அந்த நாடு செலவழிச்சது 29 லட்சம் கோடி வொன்னுக்கு மேல, நம்ம பணத்துல ஒன்றரை லட்சம் கோடிக்கும் மேல, பத்துல எட்டு பசங்க போறாங்க. இவ்ளோவும் செஞ்சு புள்ளைங்க சந்தோஷமா இருக்காங்களான்னா, 15 வயசுப் பசங்கள வச்சு பல நாடுகள்ல நடத்தற பீசா சர்வேல, 2015ல கொரியா பசங்களோட வாழ்க்கை திருப்தி பத்துக்கு 6.36, ஓஈசிடிங்கற பெரும்பாலும் வசதியான நாடுகள் கூட்டமைப்போட சராசரியே 7.31. அங்க டீனேஜ் பசங்க சாவுக்கு மொதல் காரணம் தற்கொலை, நோயோ ஆக்சிடெண்டோ இல்ல. இத உங்க கட்டுரைல ஒரு வரி கூட காணோம்.

இப்ப அங்க கிளாஸ்ல போன் யூஸ் பண்ணக் கூடாதுன்னு 2025 ஆகஸ்ட்ல சட்டம் பாஸ் ஆகி, 2026 மார்ச்ல இருந்து நடைமுறை. போன் பசங்க தூக்கத்த கெடுக்குது, கேலி கிண்டல் பண்ணி பாடாப்படுத்தறதும் அதுலதான் நடக்குது, அதனால சட்டம் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா பழி மொத்தத்தையும் போன் மேல போட்டுட்டு பரீட்சையையும் ஹாக்வானையும் அப்படியே விட்டா, புள்ளைங்க படற பாடு நம்ம கண்ணுல படாம போகும், அவ்ளோதான்.

நம்ம வீட்டுப் பசங்களும் அந்த 'ஸ்டடி வித் மீ' வீடியோவ போட்டுக்கிட்டுத்தான் படிக்கறாங்க, மொகம் தெரியாம வெறும் கை மட்டும் பத்து மணி நேரம் எழுதிட்டே இருக்கும். என் பொண்ணு அதப் பாத்துட்டு தன்னால அப்படி உக்கார முடியலன்னு அழுதிருக்கா. உங்க கட்டுரைய வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டற அம்மா அப்பா கண்டிப்பா இருப்பாங்க. அதனால அந்த நாலு சதவீத கணக்கையும், தற்கொலை பத்தின விஷயத்தையும், அந்த லாக் பண்ண அக்கவுண்டுகள பத்தியும் அதே அளவு எடம் குடுத்து அடுத்த இதழ்ல போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி