1871-ஐயும் கணக்கில் சேருங்கள்: மேஜர் லீக் பேஸ்பால் பதிவேட்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் அமைப்பான நேஷனல் அசோசியேஷன் 1871 முதல் 1875 வரை நடத்திய ஆட்டங்களை, அட்டவணையும் நடைமுறைகளும் சீராக இல்லை என்று காரணம் காட்டி, 1969-இல் கூடிய சிறப்புப் பதிவுக் குழு மேஜர் லீக் (உச்சநிலைப் போட்டித்தொடர்) கணக்கிலிருந்து விலக்கிவைத்தது. அந்த முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, பின்னாளில் பழைய பேஸ்பால் ஸ்கோர் விவரங்களில் மனதைப் பறிகொடுத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

விலக்கப்பட்டவற்றுள் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1871 மே 4 அன்று இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னில், சுமார் 200 பேர் முன்னிலையில், உள்ளூர் கெகியோங்கா அணி கிளீவ்லாந்தின் ஃபாரஸ்ட் சிட்டி அணியைச் சந்தித்தது. முதலில் மட்டை பிடித்த டீக்கன் ஒயிட் ஒரு டபிள் அடித்து, ஓட்டப் பாதையின் இரண்டாம் நிலையான இரண்டாம் பேஸை எட்டினார்; அடுத்தவர் அடித்த பந்தை டாம் கேரி பிடித்து, ஒயிட் திரும்புவதற்குள் அதே வேகத்தில் அந்த பேஸை மிதித்துவிட, அவரும் சேர்ந்தே ஆட்டமிழந்தார். கையுறை இல்லாத காலம் அது. பந்து வீசும் பிட்ச்சர் 45 அடி தொலைவிலிருந்து கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று மட்டையாளரே கேட்டு வாங்கலாம். இருபது, முப்பது ரன் குவிவது யாருக்கும் வியப்பளிக்காத அந்நாளில், பத்தொன்பது வயது பாபி மேத்யூஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீச, கெகியோங்கா 2-0 என்று வென்றது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டத்தை முடித்துவைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் மூண்ட சிகாகோ பெருந்தீ, ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் மைதானத்தையும் சீருடைகளையும் விழுங்கியது. அசோசியேஷன் பட்டத்துக்கான போட்டியில் இருந்த அவ்வணி, இரவல் வாங்கிய ஆளுக்கொரு விதமான சீருடையில், அக்டோபர் 30 அன்று புரூக்ளினில் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸுடன் ஆடி 4-1 என்று தோற்றது. வெண்காலுறையைப் பெயராகக் கொண்ட அணியில் அன்று எத்தனை பேர் காலில் வெண்காலுறை இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

1969 குழு சொன்ன காரணம் பொய்யன்று. பத்து டாலர் கட்டிய எந்த அணியும் பட்டத்துக்குப் போட்டியிடலாம் என்ற ஏற்பாட்டில் பல அணிகள் பாதியிலேயே கலைந்தன. 1875-இல் பாஸ்டன் 71 ஆட்டங்களில் வென்று எட்டில் மட்டுமே தோற்க, கியோகக் அணியோ பதின்மூன்றில் ஒன்றை மட்டும் வென்று காணாமற்போனது. ஆனால், 1884-இல் ஒரே ஆண்டு நடந்த யூனியன் அசோசியேஷன் என்ற லீக்கை இதே குழு மேஜர் லீக் என்று ஏற்றுக்கொண்டதே! வில்மிங்டன் அணி 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கலைந்ததும் அங்கேதான். ஒருவருக்கு ஓர் அளவுகோல், மற்றவருக்கு வேறோர் அளவுகோலா? 2020-இல், கறுப்பின வீரர்கள் ஆடிய ஏழு நீக்ரோ லீக்குகளை நீங்கள் ஏற்றது மிகச் சரியான முடிவு. அங்கே களையப்பட்டது இனவெறியின் அநீதி என்பதால் இதை அதனோடு ஒப்பிட மாட்டேன். 1969-இன் தீர்ப்பு மாற்ற முடியாததன்று என்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்கிறேன்.

விலக்கியதன் விளைவைப் பாருங்கள். 1875 ஜூலை 28 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்காக வீசிய ஜோ போர்டன், சிகாகோவுக்கு ஒரு ஹிட்கூட (மட்டையாளர் பந்தை அடித்து பேஸை எட்டுவது) விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் உங்கள் பட்டியலில் முதல் நோ-ஹிட்டர், அதாவது ஹிட்டே விடாத ஆட்டம், 1876-இல் ஜார்ஜ் பிராட்லி வீசியதுதான். இத்தனைக்கும் அதே 1876-இல், அசோசியேஷனுக்குப் பின் தொடங்கிய நேஷனல் லீக்கின் முதல் ஆட்டத்தை வென்ற பிட்ச்சர் இந்தப் போர்டனே. அந்தப் பருவம் முடிவதற்குள் ஃபார்ம் இழந்து, பாஸ்டன் மைதானத்தின் பராமரிப்பு வேலைக்கு அவர் மாற்றப்பட்டார் என்பது தனிக் கதை.

ஐந்தாண்டு விவரங்களையும் உங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். முழுமையாக இயலாதெனில், தனிப் பிரிவாகவேனும் சேர்க்க வேண்டும். டீக்கன் ஒயிட்டை பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேம் 2013-இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் ஏட்டிலோ அவர் ஆட்டவாழ்வு 1876-இல்தான் தொடங்குகிறது. அதை ஃபோர்ட் வெய்னில் அவர் அடித்த அந்த டபிளிலிருந்து தொடங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்கோர் விவரங்களைப் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்