நோராவின் கிறிஸ்துமஸ் மரம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் அறுவைக்குப் பிறகு உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. வரிகள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன?

இந்த வாரம் முழுக்க நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் மூழ்கிக் கிடந்தேன். 1879இல் வந்தது. கல்லூரியில் படித்தபோது, கடைசியில் நாயகி நோரா கணவன் வீட்டை விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவதைத்தான் நாம் நாள்கணக்கில் பேசினோம். இப்போது எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

நாடகத்தின் முதல் வசனமே, மரத்தைப் பத்திரமாக ஒளித்து வை என்பதுதான். அலங்கரித்து முடிக்கும்வரை பிள்ளைகள் பார்க்கக் கூடாதாம். சற்று நேரத்தில் கணவன் ஹெல்மர் பழைய கதையை எடுக்கிறான்: போன வருஷம் மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு நடுராத்திரி தாண்டியும் அலங்காரம் செய்தாயே, என்ன மிஞ்சியது? பூனை புகுந்து எல்லாவற்றையும் கிழித்துவிட்டது என்கிறாள் நோரா. அப்புறம் தோழியிடம் உண்மையைச் சொல்கிறாள். சென்ற குளிர்காலத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு, கூலிக்குப் பிரதி எழுதிக் கடனை அடைத்திருக்கிறாள். அவன் உயிரைக் காக்க வாங்கிய கடன்! அப்படிச் சம்பாதித்தது, ஏறக்குறைய ஓர் ஆணாக இருப்பதுபோல் இருந்ததாம்.

மரம் என்றால் நோரா, பார்வைக்கு வைத்த அழகு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சரிதான். ஆனால் அந்தத் தோரணங்களுக்குப் பின்னால் அவள் உழைப்பும் ஒளிந்திருக்கிறது, செல்வி. அதை யாரும் நமக்குச் சொல்லவில்லையே!

முதல் அங்கத்தின் கடைசியில் மரத்தில் மெழுகுவத்தியும் பூவும் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஹெல்மரோ, கெட்டுப்போன பிள்ளைகளில் அநேகருக்குப் பொய் சொல்லும் தாய்தான் இருந்திருக்கிறாள் என்கிறான். அவள் தன் கையை அவன் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போகிறாள். இங்கே எவ்வளவு புழுக்கம் என்று மட்டும் சொல்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாள் காட்சி திறக்கும்போது மரம் பியானோ ஓரத்தில் நிற்கிறது. அலங்காரம் போய், கிளை கலைந்து, மெழுகுவத்திகள் அடிவரை எரிந்து. மேடைக் குறிப்பில் ஒரே வரிதான்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? புத்தகத்தை எடுத்து வைக்கிறேன். அந்தப் புழுக்கக் காட்சியைச் சத்தமாகப் படிக்கலாம். நீ நோரா.

அன்புடன்,
வசந்தா