கோரியன் ஒட்டும் விஷயமாக

களியக்காவிளை

அன்புள்ள மக்கா,

லேத்தில் கடைய நீ அடுக்காக ஒட்டிய கோரியன் (கிச்சன் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்) கட்டை ஒட்டு விட்டுப்போய், கொடுத்தனுப்பிய துண்டு இரண்டும் வந்து சேர்ந்தன. பசையைத் திட்டி எழுதியிருக்கிறாய். குற்றம் பசைமேல் இல்லை. விட்டுப்போன முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒரு துண்டில் பசை முழுசாக, கண்ணாடி மாதிரி நிற்கிறது. எதிர்த்துண்டு கம்பெனி பாலிஷோடு மொட்டையாக இருக்கிறது. அந்த முகத்தைத் தேய்க்காமலே ஒட்டிவிட்டாய். பசை நன்றாகப் பிடித்து, உளி இழுத்து உடைந்திருந்தால் கல்லே பிய்ந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

இனி ஒட்டும்போது ஒரு கண்ணாடிப் பலகைமேல் 80ஆம் நம்பர் உப்புத்தாளை விரி. துண்டின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கடைசிக் கோடு அழியும்வரை தேய். ஓரம் அழிந்து நடுவில் கோடு நின்றால் அங்கே பள்ளம் என்று அர்த்தம். பிறகு ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடை. கலர் துணியில் சாயம் இறங்கும், வெள்ளைக் கோரியனில் அது கோடாகத் தெரியும். தின்னர் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப்போகும்.

ஃபெவிகாலை மறந்துவிடு. அது தண்ணீரை விட்டுக் காய்கிற பசை; இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் உறிஞ்சாத பலகை என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கோரியன் மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக், மீதி அலுமினா தாதுப்பொடி. அதனால் கிச்சன் மேடை போடுகிறவர்கள் வைத்திருக்கும் அக்ரிலிக் ஜாயின்ட் பசைதான் அதற்கு சொந்தக்காரன். பத்துப் பங்கு பசைக்கு ஒரு பங்கு ஹார்டனர், அதாவது பசையை இறுக வைக்கும் மருந்து. இரண்டையும் கலந்து தரும் குழாயில் முதலில் வரும் ஒன்றிரண்டு அங்குலத்தைக் காகிதத்தில் விட்டுவிடு, அதில் கலவை சரியாக இருக்காது. நம்மூர்ச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும், ஒரே மூச்சில் எட்டு அடுக்கு போடாதே. மூன்று மூன்றாக ஒட்டிப் பிறகு சேர்.

கிளாம்பை முறுக்குவதில்தான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். மர வேலைக்குப் போல இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்து நடுவில் பட்டினி கிடக்கும். நாலு பக்கமும் மணி கோத்த மாதிரி மெல்லிய பசைக்கோடு பிதுங்கினால் போதும், நிறுத்து. அந்தக் கோட்டைத் துடைக்காதே. பசை இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். துடைத்துவிட்டால் ஜாயின்டில் பள்ளம் விழும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகினாலும், லேத்தில் ஏற்ற ஒரு ராத்திரி விடு.

ஃபெவிக்விக் வகை, பேனா மாதிரிச் சின்ன வேலைக்குச் சரி. பெரிய கட்டைக்கு ஆகாது, அடி பட்டால் நொறுங்கும், சூட்டில் இளகும்.

அயினி மரமோ ஈட்டி மரமோ இடையில் வைக்க ஆசைப்படுகிறாய். அதற்கு மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசை போடு. ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மரம் குறுக்கே ஊதும், கோரியன் அசையாது. ரொம்ப அகலமான மரம் வைத்தால் என்றைக்காவது ஜாயின்ட் விடும். ஈட்டியில் எண்ணெய் கசியும். ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் துடைக்க வேண்டும்.

கடைசலில் ஸ்கிரேப்பர் உளியைத் தீட்டியே வைத்திரு. கூர் இருந்தால் தேங்காய்த் துருவல் போலச் சுருளாக வரும். பொடியாக வந்தால் உளி மழுங்கிவிட்டது, சூடு ஜாயின்டுக்கு ஏறுகிறது என்று புரிந்துகொள். திருகாணியை நேராகக் கோரியனில் இறக்காதே, விரிசல் விடும். அடியில் மரக்கட்டை ஒட்டி அதை லேத்தின் சக்கில் (பிடிக்கும் தாடையில்) பிடி. தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி பறக்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகப் பார். சிங்க் வெட்டிய துண்டு என்று கடைக்காரர் தருவதில் குவார்ட்ஸ் கல்பொடியால் செய்த மேடைப் பலகையும் கலந்திருக்கலாம். அதன் தூசி சிலிக்கா, நுரையீரலைத் தின்னும். கத்தி நுனியால் ஓரத்தைச் சுரண்டு: கோரியனில் வெள்ளைச் சுரண்டல் வரும், குவார்ட்ஸில் கத்திதான் வழுக்கும். வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடு.

என்னிடம் கருப்புத் துண்டுதான் நிறைய இருக்கிறது. பாறசாலைப் பக்கம் வெள்ளை கிடைத்தால் இரண்டு எடுத்து வை, மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி