பின்னி மில் படங்களைத் தந்தவர்களுக்கு நன்றி

புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் பகுதி உறவுகளுக்கு வணக்கம்.

சென்னையின் பழைய துணி ஆலையான பின்னி மில்லின் தொழிலாளர் வீடுகளில் இருக்கும் பழைய படங்களைத் திரட்டப் போனபோது பத்துப் படம் தேறினாலே பெரிது என்றுதான் நினைத்தோம். கடைசியில் வந்த படங்களை மாட்ட எங்கள் வாசகசாலையின் நாலு சுவரும் போதவில்லை.

முதல் நன்றி பட்டாளத்துப் பாட்டிக்கு. சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குரூப் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. பாட்டி விரல் வைத்து, "இவர் நெசவு, இவர் நூற்பு, இது உங்க தாத்தா சிநேகிதர்" என்று பதினோரு பேரை அடையாளம் காட்டினார். விடியற்காலைச் சங்குக்கு எழுந்து உலை வைத்த பழக்கம், 1996-ல் மில் மூடிய பிறகும் விடவில்லையாம். "சங்கு நின்னுச்சு, முழிப்பு நிக்கல" என்றார். அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்தோம்; அதில் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே கேட்கிறது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை, மே மாதம்!

ஸ்டூடியோ அண்ணனுக்கு நன்றி, என்னைத் திட்டியதற்கும் சேர்த்து. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியோடு வைத்தே நகல் எடுத்துக் கொடுத்தார். பிய்த்திருந்தால் முகங்கள் கண்ணாடியோடு போயிருக்கும்.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதைப் பற்றிப் பேசும்போது செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. பெயர்களை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். 1921-ல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம் அப்படியில்லை. வேலைக்குப் போன ஆதி திராவிடர் குடும்பங்களில் கேட்ட கதை ஒன்று, போகாதவர்கள் வீட்டில் கேட்டது வேறு. அப்போது குடிசைகள் எரிந்ததைச் சொல்லும்போது ஒரு பெரியவருக்குக் குரல் அடைத்தது. அவர் பிறப்பதற்கு முன் நடந்தது அது. இரண்டு தரப்புக் கதையையும் வெட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். சிலருக்கு வருத்தம். ஆனாலும் யாரும் தம் பேச்சை எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்குத் தனி நன்றி.

காக்கித் துணி கொடுத்த அக்காவுக்கும், டீக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும், படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதிய மாணவிகளுக்கும் நன்றி.

எல்லாப் படங்களும் வீடு திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. மில் கேட் முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர், பக்கத்தில் கனகாம்பரம் வைத்த பெண். பழுப்பு உறையில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் யார்? ஞாயிறு மாலை ஆறு மணிவரை வாசகசாலையில்தான் இருப்போம்.