மணப்பெண் ஒப்பமிட ஒரு வரி: நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

மணப்பெண்ணின் ஒப்பம் இல்லாமலே திருமணத்தைப் பதியவிடும், இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் முயற்சியின் கதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைத்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. கொடுத்தபோது உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 2019இல் முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள், 2021இல் அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘சமூகத்துக்குள் முதலில் ஒருமித்த கருத்து வரட்டும்’ என்ற பழைய பதிலை அண்மையில் மறுபடியும் கேட்க நேர்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முஸ்லிம் சமூகங்களில் பெண்ணும் சமயமும் என்பதே என் ஆய்வு. மானிடவியல் படித்தவர்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓரமாக உட்கார்ந்து கேட்கிறோம், எழுதிக்கொள்கிறோம், மறுபடி போகிறோம். ஸிபா மிர்-ஹுசைனி ஈரானிலும் மொரோக்கோவிலும் குடும்ப நீதிமன்றங்களில் அப்படித்தான் உட்கார்ந்தார். விவாகரத்துக் கேட்டு வந்த பெண்கள் ஷரீஆவின் மொழியிலேயே தங்கள் நியாயத்தை வாதாடியதை அவர் எழுதிய பிறகுதான், இந்தப் பெண்கள் மார்க்கத்துக்கு எதிரானவர்கள் அல்லர் என்பது பலருக்கு விளங்கியது. நான் கிழக்கு மாகாணத்தில், முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்களில் உட்கார்ந்தேன். நீதிமன்றம் என்றால் தனிக் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். நான் போன இடம் காதியாரின் வீட்டு முன்விறாந்தை: ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் கதிரை, வாசலில் செருப்புகள்.

அங்கே ஒரு பிள்ளை பஸஹ், அதாவது மனைவி கேட்கும் விவாகரத்து, கேட்டு வந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. பதினேழு வயதில் காவின் (திருமணப் பதிவு) எழுதியிருக்கிறார்கள். காதியார் கேட்டார், “நீங்களும் சம்மதிச்சுத்தானே மகள் முடிச்ச?” அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் ஒப்பம் வைக்கல்லயே, காதியார்” என்றாள். கோப்பில் இருந்த பதிவுப் பிரதியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் ஒப்பம் இருந்தது. வலியாக, அதாவது பெண்ணின் சார்பில் நிற்கும் பொறுப்பாளராக, வாப்பாவின் ஒப்பம் இருந்தது. நிக்காஹ் நடத்தியவரின் ஒப்பம் இருந்தது. அவளுடைய பெயர் இருந்தது, ஒப்பம் இல்லை. காதியார் கெட்ட மனிதர் அல்லர். “சட்டம் அப்படித்தான் மகள்” என்று மட்டும் சொன்னார்.

அதே கோப்பில் அவளுடைய வீட்டு உறுதியும் (வீட்டுப் பத்திரமும்) இருந்தது. கிழக்குக் கரையின் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். முஸ்லிமானாலும் தமிழரானாலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மணம் முடித்து வைப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் தொடங்கி அக்கரைப்பற்றில் செய்த களஆய்வில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வீட்டை நன்கொடையாக ஏற்று நொத்தாரிசு முன்னால் இவள் ஒப்பமிட்டிருக்கிறாள். கல்லும் மண்ணும் வாங்க இவளுடைய ஒப்பம் வேண்டும். புருசனை ஏற்க வேண்டாம். அமைச்சர் அவர்களே, இத்தனை ஆண்டு ஆய்வில் நான் கண்டவற்றில் இதைவிடக் கசப்பானது எனக்கு நினைவில் இல்லை.

மணப்பெண்ணின் கையொப்பம் இல்லாமல் எந்த முஸ்லிம் திருமணமும் பதியப்படக் கூடாது. இதுதான் என் கோரிக்கை. வலி என்ற பொறுப்பாளரை நீக்கச் சொல்லவில்லை. வாப்பா ஒப்பமிடும் தாளில் மகளும் ஒப்பமிடட்டும் என்கிறேன். பாகிஸ்தானின் திருமண ஒப்பந்தப் படிவமான நிக்காஹ்நாமாவில் மணமகள் ஒப்பமிடுகிறாள். அதனால் அங்கே இஸ்லாம் குறைந்துபோகவில்லை.

இதைச் சொன்னால் சமூகத்துக்கு உள்ளே இருந்து, ‘வெளிநாட்டுக் காசுக்கு எழுதுகிறவள்’ என்கிறார்கள். வெளியே இருந்து வரும் அனுதாபம் அதைவிட ஆபத்தானது. ஆப்கான் பெண்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லிப் படை போன காலத்தில், முஸ்லிம் பெண்களுக்கு உண்மையில் மீட்பர்கள் தேவையா என்று 2002இல் கேட்டார் லைலா அபூ-லுகோத். எகிப்தின் பதூயின் பழங்குடிப் பெண்களோடு வாழ்ந்து எழுதிய மானிடவியலாளர் அவர். அந்தக் கேள்வி இங்கும் பொருந்தும். 2019 மே மாதம் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கோவிட் காலத்தில் எங்கள் மையித்துகளை (இறந்தவர்களின் உடல்களை), சிசுவின் உடலைக்கூட, கட்டாயமாக எரித்தார்கள். 2021இல் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ செயலணிக்கு, முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சால் அறியப்பட்ட ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள் என்பது நாடறிந்தது. எங்கள் பெண்கள் பல ஆண்டுகளாகக் கேட்டதை எடுத்து எங்கள் சமூகத்தையே அடிக்கும் தடியாக்கினார்கள். அதன் பிறகு ‘இப்போது திருத்தம் பேசினால் எதிரிக்குத் துணைபோவதாகும்’ என்று உள்ளே இருந்தவர்கள் வாயடைத்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியது அந்த விறாந்தையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள்தான். மையித்துகளை எரிப்பதற்கு எங்கள் ஒருமித்த கருத்தை எவரும் கேட்கவில்லை. ஒரு பெண் ஒப்பமிட மட்டும் அது வேண்டுமாம்.

பேச வேண்டியவை வேறும் உண்டு. நாட்டில் மற்றவர்களுக்குத் திருமண வயது 18 ஆகி மூன்று தசாப்தம் ஆகிறது. எங்கள் சட்டத்தில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக்கூடக் காதியின் அனுமதியோடு முடித்து வைக்கலாம். காதியாக ஆண் மட்டுமே இருக்க முடியும். பலஸ்தீன ஷரீஆ நீதிமன்றங்களில் 2009 முதல் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்னும் அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை இந்தச் சட்டத்துக்குக் கவசமாக நிற்பதால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை கேட்கவும் வழியில்லை. இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்து, ஒன்றில் இணக்கம் இல்லை என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பதே இதுவரை நடந்தது.

கோபத்தில் எழுதியவை மேலே சில இருக்கலாம். ஆனால் கேட்பதைப் பணிவாகவே கேட்கிறேன். பதிவுக்கான பிரகடனங்களைச் சொல்லும் 18ஆவது பிரிவுக்கு ஒரு சிறிய திருத்தச் சட்டமூலம் தயாரியுங்கள். மணப்பெண்ணின் பிரகடனமும் கையொப்பமும் கட்டாயம் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். மற்றவற்றுக்கான பேச்சுவார்த்தை தன்பாட்டில் நடக்கட்டும், இதை அதோடு கட்டிப்போட வேண்டாம். அதற்கு முன் இன்னொரு குழு அமைக்க எண்ணினால், அதில் பாதிப்பேராவது காதி நீதிமன்றத்தில் வழக்காடிய பெண்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என் களக்குறிப்புகளை, ஆட்களின் பெயர்களை நீக்கிவிட்டு, உங்கள் அமைச்சுக்குத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு மானிடவியலாளர்