அம்மாவின் கையில் இருப்பது பச்சை: ஜப்பான் வெந்நீர் ஊற்று விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானெங்கும் ஒன்சென் விடுதிகளை நடத்தும் ஒகாமி அம்மாக்களுக்கும், அவர்களோடு சேர்ந்து உழைப்பவர்களுக்கும், வணக்கம்.

இந்த மடலை முதலில் ஜப்பானிய மொழியில்தான் எழுத உட்கார்ந்தேன். பத்து வருடமாக டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். உங்கள் மொழியில் அலுவலகக் கடிதம் எழுத எனக்கு வரும். அம்மாவின் பச்சை குத்திய கையைப் பற்றி எழுத வரவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன்; மொழிபெயர்த்துத் தரத் தோழி ஒருத்தி சம்மதித்திருக்கிறாள். உங்கள் ஊர்களுக்கு வர ஆசைப்படும் தமிழர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

உங்கள் வெந்நீர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஊர் நினைப்பில் உடம்பும் மனசும் சுருங்கிக் கிடந்தபோது, கூட வேலை பார்த்த ஒரு அக்கா என்னைக் குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊர் நடுவே யுபதாகேயில் ஆவி பறக்க ஊற்று பொங்கி மரத் தொட்டிகளில் ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஊரில் மட்டும் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல் தானாகவே பொங்கி வருகிறதாம். கொதிக்கிற தண்ணீர், பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினால் அதன் சத்து நீர்த்துவிடும் என்று, பெண்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடியபடி நீளப் பலகையால் அதைப் புரட்டிப் புரட்டி ஆற்றுகிறார்கள். யுமொமி என்கிறீர்கள். நான் அதைப் படம் பிடித்து அனுப்பியதும் அம்மா ஊரிலிருந்து சொன்னாள்: "ஏட்டி, பால் ஆத்துத மாதிரில்லா ஆத்துதாவ!"

அன்றிலிருந்தே அம்மாவை ஒருநாள் அந்தத் தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும் என்று ஆசை. அவளுக்கு எழுபது வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். வயல்வேலை பார்த்துத் தேய்ந்த முழங்கால். போன வருடம் பங்குனி கழிந்ததும் வந்தாள்.

அம்மாவைச் சம்மதிக்கவைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வாய்க்காலிலும் கிணற்றிலும் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக் குளித்தே வளர்ந்தவள் அவள். ஒட்டுத்துணி இல்லாமல் முகம் தெரியாத பெண்களோடு தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் கூசாது? "வயசானவுக இருப்பாவளா?" என்று கேட்டாள். நிறையப் பேர் இருப்பார்கள் என்றேன். "அப்போ சரி."

விடுதியின் பெயரை எழுத மாட்டேன். மலையடிவாரத்தில் இருக்கும் பழைய விடுதி; நல்ல மனிதர்கள். முன்பதிவுப் படிவத்தில் எத்தனை கேள்வி கேட்டிருந்தார்கள் தெரியுமா! எத்தனை மணிக்கு வருவோம், எந்த உணவு ஒவ்வாது, குளித்தபின் உடுத்தும் யுகாதா அங்கி எந்த அளவு. அம்மா மீன்கூடச் சாப்பிட மாட்டாள் என்று எழுதியிருந்தேன். இரவுச் சாப்பாட்டில் கட்சுவோபுஷி என்னும் காய்ந்த மீன் சீவல் ஒரு துளிகூட இல்லாமல், கொம்பு என்னும் கடற்பாசியும் காய்ந்த ஷிடாகே காளானும் ஊறவைத்து எடுத்த ரசத்தில் அவளுக்குத் தனியாகச் சமைத்திருந்தார்கள். உங்கள் சமையலில் அந்த மீன் ரசம் நுழையாத இடமே இல்லை என்பது தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அக்கறை எவ்வளவு பெரியது என்று புரியும். அம்மா யுகாதாவை வலப்பக்கம் மேலே வருமாறு கட்டிக்கொண்டு நின்றாள். அறைப் பணிப்பெண்ணான நகாய்-சான் பதறிப்போய் ஓடி வந்து அவிழ்த்து, இடப்பக்கம் மேலே வருமாறு கட்டிவிட்டார். இறந்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள் என்று நான் விளக்கினேன். "நம்மூர்லயும் எழவு வீட்டுக்குன்னு தனி மொறை உண்டுல்லா" என்று அம்மா தலையாட்டினாள். அந்தப் பதற்றத்தில் இருந்த பாசம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகுதான் குளிக்கப் போனோம். சிவப்புத் திரையை விலக்கி உள்ளே போய், கூடையில் துணியை மடித்துவைத்து, சின்ன முக்காலியில் உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக் குளித்தாள். நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் செய்தாள். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டாள். துண்டைத் தண்ணீரில் படவிடவில்லை. கல் தொட்டியில் இறங்கி, கழுத்து வரை அமிழ்ந்து, கண்ணை மூடினாள். ஐந்து நிமிடம் இருந்திருப்பாள்.

பணியாளர் ஒரு பெண் ஈரத்தரையில் மண்டியிட்டு எங்களிடம் குனிந்தார். இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டி, அம்மாவின் முன்கையைப் பார்த்து, "இரெசுமி" என்றார்; பச்சை குத்தியது என்று பொருள். மன்னிப்பும் கேட்டார், பலமுறை. யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். துணி மாற்றும் அறையில் ஒரு பலகை இருந்ததாம். பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்று. அம்மாவுக்குக் கூச்சம் போகவேண்டுமே என்ற கவனத்தில் நான் அதைப் படிக்கவில்லை. அது என் தவறு.

வெளியே வந்து யுகாதாவைக் கட்டிக்கொண்டபின் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நான் நல்லாத்தானட்டி தேய்ச்சுக் குளிச்சேன்?"

அவளுடைய உடம்பு அழுக்காக இருந்தது, அதனால் எழுப்பிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவள் கையில் இருப்பது என்ன என்று சொல்கிறேன். வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தேர்க்கோலம். புள்ளி வைத்து இழை இழுத்தது. இடது கையில் ஒரு தேள். கறுப்பாய் இருந்து இப்போது பாசி நிறமாகிவிட்டது. பதினோரு வயதில், ஊருக்கு வந்த குறத்தியம்மாள் திண்ணையில் உட்காரவைத்துக் குத்திவிட்டது. வலி தெரியாமலிருக்க அவர் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாராம். கூலி ஒரு படி நெல்லும் ஒரு பழஞ்சேலையும். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பல பேர் கையில் இதைப் பார்க்கலாம். "நகை நட்டெல்லாம் கழட்டிருவாவ, பச்சை மட்டுந்தான் கூட வரும்" என்று என் பாட்டி சொல்வாள். கட்டையில் போகும்போதும் கூட வருகிற ஒரே சொத்து என்று பொருள்.

இது உங்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. ஒகினாவாவின் பாட்டிமார் புறங்கையிலும் விரல்களிலும் ஹாஜிச்சி குத்தியிருந்தார்கள். ஒரு பெண் பெரியவளாகி மணமானதன் அடையாளம் அது. அது இல்லாமல் செத்தால் மறு உலகத்தில் துன்பம் என்றும் நம்பினார்கள். என் பாட்டி சொன்னதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? வடக்கே ஹொக்கைதோவின் பழங்குடியான ஐனு பெண்களுக்கு உதட்டைச் சுற்றியே பச்சை இருந்தது. ஐனு பெண்களுக்கு 1871-லும் ஒகினாவாப் பெண்களுக்கு 1899-லும் மெய்ஜி அரசு தடை போட்டது. அந்தப் பாட்டிமாரில் ஒருவர் இன்று உயிரோடு வந்து உங்கள் தொட்டியில் இறங்கினால், அதே ஈரத்தரையில் மண்டியிட்டு அவரையும் எழுப்புவீர்களா?

உங்கள் பக்கத்துக் காரணமும் எனக்குத் தெரியும். மெய்ஜிக்கு முந்தைய எடோ காலத்தில் திருடியவன் கையில் அரசாங்கமே பச்சை குத்தி அனுப்பியது. 1872-இல் அலங்காரப் பச்சையும் குற்றமானது; அந்தத் தடை நீங்கியது 1948-இல்.    அப்புறம் யாகுசா என்னும் ரவுடிக் கும்பல்கள். முதுகு முழுக்கப் பச்சையோடு ஒருவன் தொட்டிக்குள் இறங்கினால் மற்றக் குடும்பங்கள் எழுந்து போய்விடும் என்று நீங்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் 1,80,000 பேருக்கு மேல் இருந்த அந்தக் கூட்டம் இன்று 20,000-க்கும் கீழே போய்விட்டதாக உங்கள் காவல்துறையே கணக்குச் சொல்கிறது. நீங்கள் யாருக்குப் பயந்தீர்களோ அந்த ஆள் போய்விட்டான். பலகை மட்டும் நிற்கிறது. எழுபது வயது மூதாட்டியைத்தான் அது தடுக்கிறது.

2013-இல் ஹொக்கைதோவில் பழங்குடி மொழிகள் குறித்த கூட்டத்துக்கு வந்த நியூசிலாந்தின் மாவோரிப் பெண் ஒருவர், முகத்தில் இருந்த மரபுப் பச்சைக்காக ஒரு குளியலகத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். நாடே பேசியது. 2015-இல் சுற்றுலா முகமை விடுதிகளிடம் கேட்டறிந்தபோது, பதில் சொன்னவர்களில் 56 சதவீதம் பேர் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றார்கள். 31 சதவீதம் பேர் தடை இல்லை என்றார்கள்; மீதிப் பேர் மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றார்கள். மறுவருடமே அந்த முகமை, பச்சையை மறைக்க ஒட்டுத்தாள் கொடுங்கள், தனி நேரம் ஒதுக்குங்கள், குடும்பக் குளியலறையைக் காட்டுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டது. ஒட்டுத்தாள் எங்களுக்குப் பயன்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மறுநாள் போன இன்னொரு இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று கொடுத்தார்கள். தேளை அது மறைத்தது. தேர் மறையவில்லை.

அந்தப் பயணத்தின் கடைசியில் கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனோம். அங்கே ஊர்ப் பொதுக் குளியலகங்கள் ஏழு. ஏழிலும் பச்சைக்குத் தடை கிடையாது. யுகாதாவும் மரச் செருப்பும் போட்டுக்கொண்டு, வில்லோ மரங்கள் தாழ்ந்த ஓடைக்கரையில் ஊரே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மா வரமாட்டேன் என்றாள். முந்தைய மூன்று நாளும் அவள் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். சாப்பிடும்போது மட்டும்தான் வெளியே எடுத்தாள். "கேட்டுட்டு வா, நான் இங்கன நிக்கேன்" என்று வாசலில் நின்றுகொண்டாள். நான் போய்க் கேட்டேன். சீட்டுக் கொடுக்கும் பெண்மணி அம்மாவை எட்டிப் பார்த்துச் சிரித்து, வாருங்கள் என்று இரண்டு கையாலும் அழைத்தார்.

உள்ளே ஒரு பாட்டி இருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். அம்மாவின் கையைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் சின்னத் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்துக் காட்டினார். அம்மாவுக்கு விளங்கவில்லை. பாட்டி தண்ணீருக்குள்ளேயே நகர்ந்து வந்து, அம்மாவின் துண்டை வாங்கி மடித்து, அவள் தலையில் வைத்து, விழாதபடி லேசாக அழுத்திவிட்டார். இரண்டு பேரும் அப்படியே எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே எடுத்துக் கல்விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எதிரே இருந்த பாட்டிக்கு அங்கே சங்கடம் எதுவும் வரவில்லை. மற்ற யாரும் எழுந்து போகவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. பலகையை இன்றே கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் வீடு, உங்கள் வாடிக்கையாளர்கள். பச்சை குத்தியிருப்பது ஒன்றுமட்டுமே பொதுக் குளியலகச் சட்டப்படி ஒருவரை மறுக்கும் காரணமாகாது என்று 2017-இல் உங்கள் அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியிருக்கிறது. விடுதிக்குள்ளே விதி உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். மீனைப் பற்றி முன்கூட்டிக் கேட்டீர்களே, அதைப் போல இதையும் முன்பதிவிலேயே கேளுங்கள். உடம்பில் பச்சை உண்டா, எங்கே, எப்படிப்பட்டது என்று ஒரு வரி. ஊர் மரபில் குத்தியது என்று எழுதினால், வரும்போதே தனிக் குளியலறையின் சாவியைக் கொடுங்கள். உங்களில் பல பேரிடம் அப்படித் தனியாக எடுத்துக்கொள்ளும் கஷிகிரி அறை இருக்கிறது. ஒரு மணி நேரம் அது போதும். முடியவே முடியாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் கினோசாகிக்குப் போய்க்கொள்கிறோம். தண்ணீரில் இறங்கி உட்கார்ந்த ஒரு தாயை எழுப்புவது மட்டும் வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. இதைப் படிக்கும் தமிழர்களுக்குச் சொல்கிறேன்: குளியல் தொட்டி சோப்புப் போடும் இடம் அல்ல, உட்கார்ந்து தேய்த்துக் கழுவி முடித்தபின்தான் இறங்கவேண்டும். உள்ளே செல்போன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கூட்டமாகப் போனால் சத்தம் வேண்டாம். சாப்பாட்டில் கட்டுப்பாடு இருந்தால் வந்து இறங்கியபின் சொல்லாதீர்கள். நாள்கணக்கில் முன்பே எழுதுங்கள், பாவம், அவர்கள் காலையிலேயே சமையலுக்கு ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். கையில் பச்சை உள்ள பாட்டியை அழைத்துப்போவதாக இருந்தால், விடுதிக்காரர் சொல்லும்முன் நீங்களே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

அம்மா ஐப்பசியில் மறுபடியும் வருகிறாள். முழங்காலுக்கு அந்தத் தண்ணீர் இதமாக இருந்தது என்று தொலைபேசியில் அடிக்கடி சொல்கிறாள். இந்த முறை ஹகோனே பக்கம் இரண்டு விடுதிகளும், பெப்புவில் ஒன்றும் பார்த்துவைத்திருக்கிறேன். மூன்றுக்கும் இந்த வாரம் எழுதப்போகிறேன். முதல் வரியிலேயே அவள் கையைப் பற்றி எழுதுவேன். கோலத்தின் புகைப்படத்தையும் இணைப்பேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
டோக்கியோவிலிருந்து ஒரு மகள்