'ஷார்க்' என்று எழுதி ஒட்டாதீர்கள்: வண்ணமீன் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆளுயரம் வளரக்கூடிய கெளுத்திகளை விரல் நீளக் குஞ்சுகளாக விற்கும் உங்கள் அனைவருக்கும் இந்த மடல். கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் வருத்தம் உண்டு, அவ்வளவுதான்.

'ஷார்க்' என்ற ஒரே பெயரில் நான் இரண்டு குஞ்சுகள் வாங்கினேன். இரண்டும் வெள்ளி மினுக்கு, இரண்டும் ஓயாத நீச்சல். ஒன்றின் உடலில் நீளவாக்கில் கறுப்புப் பட்டைகள் இருந்தன, மற்றதில் இல்லை. ஆண், பெண் வித்தியாசமாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சில மாதங்களில் பட்டை இல்லாததன் முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் உயர்ந்து, நுனியில் நூலாக நீண்டது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன்.

பட்டை உள்ளது பங்காசியனோடான் ஹைப்போஃப்தால்மஸ். உலகெங்கும் பண்ணைகளில் உணவுக்காக வளர்ப்பதும் இதே மீன்தான். 130 செ.மீ. வரை வளரும். மற்றது பங்காசியஸ் சானிட்வாங்சே. தென்கிழக்கு ஆசியாவின் மேகாங், சாவ் பிரயா ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் 3 மீட்டர் நீளமும் 300 கிலோ எடையும் எட்டக்கூடியது; இயற்கையில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைத்தான் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வைத்திருந்தேன். குஞ்சிலேயே சந்தேகம் வந்தால் வயிற்றுத் துடுப்பின் கதிர்களை, அதாவது துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளை, எண்ணிப் பார்க்கலாம்: முதலாவதற்கு 8 அல்லது 9, இரண்டாவதற்கு 6. ஓடுகிற மீனில் எண்ண முடியாது, உண்மைதான். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் முடியும். சுறாவுக்கும் இந்த இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது 'டேங்க் க்ளீனர்', கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கெளுத்தி. இது வேலையின் பெயர், மீனின் பெயர் இல்லை. அந்த வேலையையும் அது ஒழுங்காகச் செய்வதில்லை, பாசியைத் தின்ற கையோடு தொட்டி நிறையக் கழிவு போடுகிறது என்பது வேறு கதை. விவரம் தெரிந்தவர்கள்கூட இதற்கு ஹைப்போஸ்டோமஸ் பிளெகோஸ்டோமஸ் என்று எழுதி ஒட்டுகிறார்கள். தொட்டியில் இருப்பதோ பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற வேறொரு பேரினம். பிரித்தறிவது சுலபம். முதுகுத் துடுப்பு விரியும்போது முன்முள்ளை விட்டுவிட்டுக் கதிர்களை எண்ணுங்கள். ஹைப்போஸ்டோமஸுக்கு 7 இருக்கும். 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் டெரிகோப்ளிக்திஸ்.

அதற்குள்ளும் இனம் பிரிக்க வயிற்றைப் பார்க்க வேண்டும். கரும்புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பார்டாலிஸ். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் புழு நெளிந்த மாதிரி கோடுகளாகியிருந்தால் டிஸ்ஜங்டிவஸ். இரண்டும் கலந்து குஞ்சு பொரிப்பதால் நடுவாந்தரமான வயிறுகளும் வரும். அவற்றில் அடித்துச் சொல்ல முடியாது. தலையின் பின்புறம் திமில் போல் மேடு, உடலெங்கும் சிறுத்தைப் புள்ளி, அகன்ற முதுகுத் துடுப்பு என்றிருந்தால் அது கிப்பிசெப்ஸ், அரை மீட்டர் வரும். தவறு செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. உயிர்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்து, 1758இல் பிளெகோஸ்டோமஸுக்கும் பெயர் வைத்த லின்னேயஸே அதை ஸ்டர்ஜன் மீன்களின் பேரினத்தில்தான் சேர்த்தார்.

வரிபோட்ட தட்டைமூக்குக் கெளுத்திகளின் நிலை இன்னும் சிக்கல். சூடோபிளாட்டிஸ்டோமா பேரினத்தில் நெடுங்காலம் மூன்று இனங்கள்தான் என்று இருந்தது. 2007இல் வந்த மறுஆய்வு அதை எட்டாக்கியது. அந்த மூன்றில் ஒன்றான ஃபாசியேட்டம் என்ற பெயர் அதன்பின் தென் அமெரிக்காவின் கயானா பகுதி ஆறுகளின் மீனுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஆனாலும் வரி தெரிந்தால் போதும், எல்லாம் ஃபாசியேட்டம்தான் உங்களுக்கு. இதோடு செவ்வால் கெளுத்தியைக் கலந்த கலப்பினக் குஞ்சுகளும் சந்தைக்கு வருகின்றன. கலப்பு என்றால் கலப்பு என்றே எழுதுங்கள்.

எது வந்தாலும் பெரிய மீன்தானே, பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று அரை மீட்டரில் நின்றுவிடும், இன்னொன்று மூன்று மீட்டர் போகும். வாங்குகிறவர் எந்தத் தொட்டி வாங்குவது, வாங்கவே வேண்டுமா என்று முடிவு செய்வதே அந்தப் பெயரை வைத்துத்தான். தொட்டி போதாமல் போனால் பலர் மீனை ஆற்றிலும் குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். டெரிகோப்ளிக்திஸ் அப்படிப் போய்ப் பல நாடுகளில் வேரூன்றி, முட்டையிடக் கரைகளைக் குடைந்துகொண்டிருக்கிறது.

ஆகவே தொட்டியின் மேல் இரண்டே வரி எழுதுங்கள்: அறிவியல் பெயர், முழு வளர்ச்சியில் நீளம். இனம் உறுதியாகத் தெரியாதபோது பேரினப் பெயர் மட்டும் போதும். ஊகித்து ஒரு பெயர் எழுதுவதைவிட அது நேர்மையானது. அடுத்த முறை குஞ்சுப் பைகள் வந்து இறங்கும்போது, தொட்டியில் கொட்டுவதற்கு முன் ஒரே ஒரு 'டேங்க் க்ளீனரை' கண்ணாடி டப்பாவில் விட்டு, கீழிருந்து அதன் வயிற்றைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கெளுத்தி வளர்ப்பவன்